ஒரு சீட்டு, பதினொரு தோட்டங்கள்

இங்கிலாந்தின் கிராமப்புறச் சாலைகளில் மே, ஜூன் மாதத்து வார இறுதிகளில் கார் ஓட்டிச் செல்கிறவர்கள், வேலியிலும் கம்பத்திலும் கட்டிவைத்த மஞ்சள் தட்டிகளைப் பார்த்திருப்பார்கள். தோட்டம் இன்று திறந்திருக்கிறது என்ற செய்தியும் ஓர் அம்புக்குறியும் தவிர அவற்றில் பெரிதாக எதுவும் இருக்காது. இந்த நாட்டுக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகளாகியும் அந்த அம்புக்குறி காட்டிய பக்கம் நான் திரும்பியதில்லை. பிறர் வீட்டுத் தோட்டத்துக்குள் காசு கொடுத்து நுழைவதா என்ற தயக்கம் ஒன்று. அங்கே வருகிறவர்கள் எல்லாரும் செடிகளின் லத்தீன் பெயர் அறிந்தவர்களாக இருப்பார்கள் என்ற கூச்சம் இன்னொன்று. இந்த ஜூனில், ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை அழைத்துக்கொண்டு, ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் ஒரு சிறு கிராமத்தார் பதினொரு வீட்டுத் தோட்டங்களை ஒரே பிற்பகலில் திறந்துவைத்த நிகழ்வுக்குப் போய்வந்தேன். இரண்டு தயக்கங்களும் முதல் அரை மணி நேரத்திலேயே போய்விட்டன. இங்கே வாழும் தமிழர்களும் கோடையில் இங்கே வந்துபோகும் தமிழர்களும் அரண்மனைகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் ஒதுக்கும் நாட்களில் ஒன்றை இதற்கு ஒதுக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். குறைகளும் இருந்தன; அவற்றையும் சொல்கிறேன்.

முதலில் இது என்ன ஏற்பாடு என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் கதை தெரியாமல் போனால் இது வெறும் பூக்காட்சியாகவே தோன்றும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய திறப்புகள் பல, நேஷனல் கார்டன் ஸ்கீம் என்ற தேசியத் தோட்டத் திட்டத்தின் கீழ் நடக்கின்றன. அதன் வேர் செவிலியர் பணியில் இருக்கிறது. லிவர்பூல் நகரத்து வணிகர் வில்லியம் ராத்போன், 1859இல் நோயுற்ற தம் மனைவியை வீட்டிலேயே கவனித்துக்கொள்ள மேரி ராபின்சன் என்ற செவிலியரை அமர்த்தினார். மனைவி இறந்த பின், அதே செவிலியரை நகரத்து ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பிவைத்தார். காசுள்ளவர்களுக்கே கிடைத்த அந்த ஆறுதல் காசில்லாதவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து, வீடுவீடாகச் சென்று நோயாளிகளைப் பார்க்கும் வட்டாரச் செவிலியர் முறை வளர்ந்தது. அரசின் தேசிய மருத்துவச் சேவை 1948இல்தான் தொடங்கியது. அதுவரை இந்தச் செவிலியர்களின் பணி பெரிதும் நன்கொடையை நம்பியிருந்தது. அந்த நன்கொடையைத் திரட்டும் வழி தேடிய குழுவில் இருந்த எல்ஸி வாக் என்ற பெண்மணி, 1926இல் ஒரு யோசனை சொன்னார்: அழகான தோட்டம் வைத்திருக்கிறவர்கள் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கினால் என்ன?

1927ஆம் ஆண்டுக் கோடையில் 609 தோட்டங்கள் திறந்தன. மன்னரின் சாண்ட்ரிங்ஹம் மாளிகைத் தோட்டமும் அவற்றில் ஒன்று. திரண்ட தொகை 8,000 பவுண்டுக்கும் அதிகம். அந்தக் காலத்தில் பவுண்டுக்கு இருபது ஷில்லிங். அத்தனையும் நுழைவுக் கட்டணமே என்று கொண்டால், ஒரே கோடையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாயிற்கதவைத் தாண்டியிருக்கிறார்கள். கென்ட் பகுதியின் சிஸ்ஸிங்ஹர்ஸ்ட் தோட்டம் 1938இல் இந்தத் திட்டத்துக்காக முதன்முறை திறந்தபோது, வந்தவர்களை அதன் உரிமையாளர் அம்மையார் 'ஷில்லிங்காரர்கள்' என்று பொருள்படும் செல்லப்பெயரால் அழைத்தார். ஸ்காட்லாந்து 1931இல் தனக்கென்று ஒரு திட்டத்தைத் தொடங்கிக்கொண்டது. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக ஆண்டுதோறும் 3,000க்கும் மேற்பட்ட தோட்டங்கள் திறக்கின்றன. அவற்றின் விவரங்களைத் தாங்கி வரும் கையேட்டுக்கு மக்கள் வைத்த பெயர் 'மஞ்சள் புத்தகம்'.

தனியாகத் திறக்கும் தோட்டத்துக்கு நெடுங்காலமாக ஓர் அளவுகோல் சொல்லப்பட்டு வந்திருக்கிறது: வருகிறவர் முக்கால் மணி நேரமாவது நின்று பார்ப்பதற்கு அதில் விஷயம் இருக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் நான்கு பாத்தி வைத்திருப்பவரால் அதை எட்ட முடியாது. ஆனால் அப்படிப்பட்ட பத்து வீடுகள் ஒன்றாகச் சேர்ந்தால் ஒரு பிற்பகலே போதாது. கிராமமாகச் சேர்ந்து திறப்பதன் பொருள் இதுதான். மாளிகைத் தோட்டத்தைக் காட்டிலும் இந்தக் கூட்டுத் திறப்பையே நான் உயர்த்திச் சொல்வதற்கும் இதுதான் காரணம்: பெரிய தோட்டத்தில் நமக்குத் தெரிவது சம்பளத்துக்கு வைத்த தோட்டக்காரர்களின் உழைப்பு, கிராமத்தில் தெரிவது, வேலைக்குப் போய்விட்டு வந்து மாலையில் மண்வெட்டி எடுக்கிறவர்களின் உழைப்பு. அதை நட்டவரே அதன் நடுவில் நின்று, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறார்.

நாங்கள் போன கிராமத்தில் சீட்டு, கிராம மண்டபத்தின் வாசலில் ஒரு மேசையில் விற்கப்பட்டது. பெரியவர்களுக்கு எட்டு பவுண்டு, பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. சீட்டோடு கையால் வரைந்த ஒரு வரைபடமும் கொடுத்தார்கள். பிற்பகல் ஒரு மணி முதல் ஐந்தரை மணி வரை, எந்த வரிசையிலும் பார்க்கலாம்.

முதலில் நுழைந்தது, வரிசை வீடுகளில் ஒன்றின் பின்புறத் தோட்டம். அகலம் பத்தடிதான் இருக்கும். நீளம் அதைப் போல் ஆறு மடங்கு. பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர் அதைப் பராமரிக்கிறார். இரு பக்கமும் மூங்கில் கழிகளைக் கூம்பாகக் கட்டி, ஸ்வீட் பீ கொடிகளை ஏற்றிவிட்டிருந்தார். பெயரில் பட்டாணி இருந்தாலும் இது உண்ணும் பட்டாணி அன்று. இதன் விதை நஞ்சு. பூவின் மணம் வாசலிலேயே நம்மைப் பிடித்து நிறுத்துகிறது. "பறிக்கப் பறிக்கத்தான் பூக்கும், ஒரு வாரம் பறிக்காமல் விட்டால் காய் பிடித்துவிடும், காய் பிடித்துவிட்டால் கொடி தன் வேலை முடிந்தது என்று பூப்பதை நிறுத்திவிடும்" என்று அவர் சொன்னதை அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். மல்லிகைக்கும் தினம் கை வைக்க வேண்டும் என்று அம்மா சொன்னதை அவருக்கு மொழிபெயர்த்தேன். இப்படித் தொடங்கிய பேச்சு காய்கறிப் பாத்தி வரைக்கும் போயிற்று.

அங்கேதான், அந்த நாள் முழுவதிலும் நான் மறக்க முடியாதது நடந்தது. அவரைக் கொடிகளுக்கு இடையில் களையென்று பிடுங்கி ஓரமாகக் குவித்திருந்த செடியைப் பார்த்ததும் அம்மா குனிந்து ஒரு கொத்தை எடுத்து, இலையின் பின்பக்கத்து வெண்மாவைத் தேய்த்துப் பார்த்து, "இது சக்கரவர்த்திக் கீரையல்லவா?" என்றார். ஆங்கிலேயர் 'ஃபேட் ஹென்' என்று அழைத்துப் பிடுங்கி எறியும் களையும், நம் ஊர்ச் சந்தையில் கட்டாக விற்கும் அந்தக் கீரையும் ஒன்றுதான். இதைப் பருப்போடு கடைந்து சாப்பிடுவோம் என்று நான் சொன்னதும், அவர் தம் பாட்டி காலத்தில் இங்கும் சாப்பிட்டதாகக் கேட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் ஒரு காகிதப் பையை எடுத்துவந்து, வாடாத இளஞ்செடிகளாகப் பார்த்து நிரப்பிக் கொடுத்தார். கடையில் வாங்கிய எந்தப் பரிசுப் பொருளையும் அம்மா அவ்வளவு பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டு வந்ததை நான் பார்த்ததில்லை.

அடுத்தது பழைய பாதிரியார் இல்லத்தின் பெரிய தோட்டம். வரைபடத்தில் இதற்குத்தான் நட்சத்திரக் குறி போட்டிருந்தார்கள். நீண்ட பூப்பாத்தியில் டெல்ஃபினியம் நீலமாக நிமிர்ந்து நிற்க, முன்னால் லாவெண்டர் அப்போதுதான் நிறம் பிடிக்கத் தொடங்கியிருந்தது. ஆனால் என்னை நிறுத்தியது அந்தப் பாத்தியன்று, அதன் ஓரத்து வேலி. முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்ட பாக்ஸ் செடி வேலி இத்தகைய தோட்டங்களின் அடையாளம். கிழக்காசியாவைச் சேர்ந்த ஓர் அந்துப்பூச்சி 2007இல் முதன்முறையாகப் பிரிட்டனில் காணப்பட்டது. அதன் புழுக்கள் தென்கிழக்கு இங்கிலாந்தின் பாக்ஸ் வேலிகளைச் சில ஆண்டுகளில் மொட்டையடித்துவிட்டன. இந்த வீட்டாரும் மூன்று கோடைகள் கையால் புழு பொறுக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் எழுபது ஆண்டு வயதான வேலியை வேரோடு எடுத்துவிட்டு, யூ மரக் கன்றுகளை நட்டிருக்கிறார்கள். கன்றுகள் இன்னும் ஒரு சாண் உயரம்தான். வேலி தன் பழைய உயரத்துக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகும் என்று தெரிந்தும், அந்த வெறுமையை மறைக்க வேறெதையும் கொண்டுவந்து வைக்காமல், நடந்ததை ஓர் அட்டையில் எழுதி அங்கேயே நட்டுவைத்திருந்தார்கள். தோட்டக்கலைக் கண்காட்சிகளில் எல்லாம் பூத்த நிலையில்தான் கொண்டுவந்து வைக்கப்படும். தோல்வியைக் காண இடமிருக்காது. இங்கே இருந்தது, அதனால் அந்தத் தோட்டத்தின் மீது எனக்கு மதிப்பு கூடியது.

மூன்றாவது வீட்டில் ஒரு முதிய அம்மையார், பெரிய பீங்கான் தொட்டிகளில் கமீலியா வைத்திருந்தார். தரையில் இவ்வளவு இடமிருக்கத் தொட்டியில் ஏன் என்று கேட்டேன். அந்தக் கிராமம் சுண்ணாம்புப் பாறையின் மேல் இருக்கிறது. வீடுகளும் அதே தேன்நிறக் கல்லால் கட்டப்பட்டவை. சுண்ணாம்பு மண்ணில் கமீலியாவும் அசேலியாவும் இலை மஞ்சளித்து நலிந்துவிடும். குழாய்த் தண்ணீரிலும் சுண்ணாம்பு கரைந்திருப்பதால், கூரையிலிருந்து விழும் மழைநீரைப் பீப்பாயில் பிடித்து அதையே ஊற்றுகிறார். இதே காரணத்தால் அவருடைய ஹைட்ரேஞ்சியா இளஞ்சிவப்பாகவே பூக்கும் என்றும், அதன் ஒரு கிளையை ஊன்றி வளர்த்துப் புளிப்பு மண் உள்ள சர்ரே பகுதியில் இருக்கும் மகளுக்குக் கொடுத்தபோது அங்கே நீலமாகப் பூத்தது என்றும் சொன்னார். என் வீட்டில் நீல ஹைட்ரேஞ்சியா என்று வாங்கிய செடி மறு ஆண்டே நிறம் மாறியபோது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நான்கு ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருந்தேன். மண் செய்த வேலை அது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இன்னொரு வீட்டில், பழைய ஆப்பிள் மரம் ஒன்று கண்ணுக்கே தெரியாதபடி 'ராம்ப்ளிங் ரெக்டர்' என்ற வெள்ளை ரோஜாக் கொடி உச்சிவரை ஏறிப் பூத்திருந்தது. ஊர்சுற்றிப் பாதிரியார் என்று அந்தப் பெயரைச் சொல்லலாம். மரத்தடியில் நின்றால் தேனீக்களின் ரீங்காரம் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அதற்கு அடுத்த வீட்டில் மே மாதக் கடைசியில் ஃப்ளாக்ஸ் செடிகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடும் முறையைக் காட்டினார்கள். செல்சி மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் செய்வதால் இதற்கு 'செல்சி வெட்டு' என்றே பெயர். வெட்டியதும் வெட்டாததும் அருகருகே இருந்தன. வெட்டியது குட்டையாகக் கிளைத்து, கொம்பு கட்டத் தேவையில்லாமல் நின்றது. மற்றத் தோட்டங்களில் இரண்டு, சரளைக்கல்லும் புல்வகைகளுமாகப் புதுப்பாணியில் இருந்தன. என் மனத்தைத் தொடவில்லை. பிள்ளைகள் உள்ள ஒரு வீட்டில், பழைய குளியல் தொட்டியில் ஆறு வயதுச் சிறுமி வளர்த்த முள்ளங்கியைப் பதினொன்றில் ஒன்றாக எண்ணியிருந்ததைப் பாராட்டுகிறேன். அவளும் தன் தொட்டியருகே நின்று விளக்கம் சொன்னாள்.

தேநீர் கிராம மண்டபத்தில். நீண்ட மேசைகளில் அந்த ஊர் வீடுகளில் செய்த விக்டோரியா ஸ்பஞ்ச், எலுமிச்சைக் கேக், ஸ்கோன், கிளாட்டட் கிரீம், ஜாம். கேக்கும் தேநீரும் சேர்த்து நான்கரை பவுண்டு. ஸ்கோன் சூடாக இருந்தது. தேநீர் பெரிய கெட்டிலில் போட்டதால் நமக்குச் சற்று வெளிறியே தோன்றும், கேட்டால் இன்னொரு பை போட்டுத் தருகிறார்கள். முட்டை சேராத கேக் ஒன்று தனித்தட்டில் வைத்திருந்ததால் அம்மாவாலும் சாப்பிட முடிந்தது. தேநீர்க் காசு தேவாலயக் கூரையின் பழுதுக்கு என்றும், சீட்டுக் காசு தோட்டத் திட்டத்துக்கு என்றும் சுவரில் தெளிவாக எழுதி ஒட்டியிருந்தார்கள். எந்தக் காசு எங்கே போகிறது என்று கேட்காமலே சொல்லிவிடும் இந்த முறை எனக்குப் பிடித்திருந்தது.

இனி அந்தக் கிராமத்து ஏற்பாட்டில் கண்ட குறைகள். வரைபடத்தின் எண்கள் நடக்கும் வரிசையில் இல்லை. மூன்றிலிருந்து நான்குக்குப் போகக் கிராமத்தை முழுதாகக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தது. கைத்தடியோடு நடக்கும் அம்மா போன்றவர்களுக்கு அது தேவையற்ற அரை மைல். சக்கர நாற்காலி செல்லும் என்று குறித்திருந்த ஒரு தோட்டத்தில், வாயிலுக்குள் ஆழமான சரளைக்கல் பாதையும் அதன் முடிவில் இரண்டு படிகளும் இருந்தன. எங்களுக்கு முன்னால் வந்த ஒரு பெரியவர் தம் மனைவியின் நாற்காலியை அந்தச் சரளையில் தள்ள முடியாமல் திருப்பிக்கொண்டு போனதைப் பார்த்தபோது வருத்தமாக இருந்தது. நோயுற்றோருக்காகக் காசு திரட்டும் நாளில் இந்த ஒரு குறிப்பாவது சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு வீட்டில் ஐந்து மணிக்கே கதவைச் சாத்திவிட்டார்கள். கழிப்பறை மண்டபத்தில் மட்டுமே இருந்தது. செடிகளுக்குப் பெயர்ப் பலகைகள் பல தோட்டங்களில் இல்லை. உரிமையாளரைச் சுற்றி ஆட்கள் இருந்தால் பெயர் தெரியாமலே நகர வேண்டும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடை, ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிராமத்துக்குப் பேருந்தே இல்லை என்பது. கார் இல்லாதவர்கள் இரயில் நிலையத்திலிருந்து நடக்கக்கூடிய தூரத்தில் உள்ள கிராமமாகத் தேர்ந்தெடுத்துக்கொள்வது நல்லது. லண்டனுக்குள்ளேயும் இதே திட்டத்தின் கீழ்த் தோட்டங்கள் திறக்கின்றன.

எட்டு பவுண்டு அதிகமா என்று என்னிடம் ஒரு நண்பர் கேட்டார். 1948இல் வட்டாரச் செவிலியர் பணியை அரசு எடுத்துக்கொண்ட பிறகும் தோட்டங்கள் மூடிவிடவில்லை. ஓய்வுபெற்ற செவிலியர்களுக்கு உதவத் தொடங்கிய பணம், காலப்போக்கில் புற்றுநோயாளிகளுக்கு உதவும் மக்மில்லன், இறுதிக்காலத்தில் இருப்பவர்களுக்குச் செவிலியரை அனுப்பும் மேரி கியூரி ஆகிய தொண்டு அமைப்புகளுக்கும், இறுதிக்கால நோயாளிகளைப் பேணும் ஹாஸ்பிஸ் இல்லங்களுக்கும், வீட்டில் நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கும் போய்ச் சேருகிறது. என் மாமனார் எங்கள் வீட்டில் தம் கடைசி நாட்களைக் கழித்தபோது, இரவு பத்து மணிக்கு மேரி கியூரி செவிலியர் ஒருவர் வருவார். காலை வரை அவர் அருகில் அமர்ந்திருப்பார். அந்த இரவுகளில்தான் என் மனைவி தூங்கினாள். அதற்காக எங்களிடம் யாரும் ஒரு காசு கேட்கவில்லை. அந்தச் செலவு எங்கிருந்து வருகிறது என்று அப்போது எனக்குத் தோன்றவும் இல்லை. மண்டபத்துச் சுவரில் அந்த அமைப்பின் பெயரைப் பார்த்த பிறகு, சீட்டு விற்ற பெண்மணியிடம் திரும்பிப் போய் இன்னும் கொஞ்சம் பணம் உண்டியலில் போட்டுவிட்டு வந்தேன். ஆகவே எட்டு பவுண்டு அதிகமா குறைவா என்று நடுநிலையோடு சொல்லத் தகுந்தவன் நானல்லன்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். மூன்று மணிக்கு மேல் தோட்டக்காரர்களோடு பேச முடியாத அளவுக்குக் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. சில்லறை கொண்டுபோங்கள், செடி விற்ற மேசையில் வங்கி அட்டையை ஏற்கவில்லை. பூப்பறிக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். குறிப்பாக ஃபாக்ஸ்குளோவ் எல்லாத் தோட்டங்களிலும் பிள்ளைகளின் முக உயரத்தில் மணிமணியாகப் பூத்திருக்கும், இதய மருந்து எடுக்கப்படும் அந்தச் செடி முழுவதும் நஞ்சு. ஜூனைத் தவறவிட்டவர்கள் செப்டம்பரில் டாலியாவுக்காகவும், பிப்ரவரியில் பனித்துளிப் பூக்களுக்காகவும் திறக்கும் தோட்டங்களைத் தேடலாம்.

செடி மேசையை மட்டும் கடைசிக்கு வைத்துவிடாதீர்கள். அந்தந்த வீட்டாரே பிரித்து நட்ட கன்றுகள், நாற்றங்கால் கடைகளில் பத்து பவுண்டுக்கு மேல் விற்பவை, இங்கே மூன்று பவுண்டுக்குக் கிடைக்கின்றன. நல்லவை எல்லாம் இரண்டு மணிக்குள் தீர்ந்துவிடுகின்றன. நாங்கள் போகும்போது மிஞ்சியிருந்தவற்றில் ஊதா நிற ஜெரேனியம் ஒன்றை அம்மா தேர்ந்தெடுத்தார், குளிரைத் தாங்கி ஆண்டுதோறும் துளிர்க்கும் வகை அது. கமீலியா வைத்திருந்த அம்மையார் வளர்த்த கன்று. எங்கள் வீட்டுப் பின்கதவருகே இப்போது வேர்பிடித்துவிட்டது. அக்டோபரில் இரண்டாகப் பிரித்து நடலாம் என்று பெயரட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதித் தந்திருக்கிறார்.